தலை குனியாமல் பெறும் உதவி



நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லி இன்றைய உரையைத் தொடங்குகிறேன். நான் தோட்டப் பள்ளி ஒன்றில் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளி திறந்த முதல் வாரத்தில், வசதி குறைந்த மாணவர்களுக்கென்று நல்லுள்ளம் படைத்த ஒருவர் சீருடைகளும் காலணிகளும் வாங்கி அனுப்பியிருந்தார். காலையில் மாணவர்கள் எல்லாரும் கூடியிருந்தபோது, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக அழைத்துக் கொடுத்தேன். மற்றவர்களைக் கைதட்டவும் சொன்னேன். நான்காம் ஆண்டில் படித்த ஒரு சிறுவன் காலணியை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடியே வரிசைக்குத் திரும்பினான். மறுநாள் அவன் பழைய, கிழிந்த காலணியோடுதான் வந்தான். காரணம் கேட்டேன். "அந்தச் சப்பாத்தப் போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிடும், சார்" என்றான்.

உதவி போய்ச் சேர்ந்தது, ஆனால் பயன்படவில்லை. கொடுத்த பொருளில் குறையில்லை. கொடுத்த முறையில்தான் குறை இருந்தது. பெறுபவர் தலை குனியாமல் உதவி செய்வது எப்படி? இந்தக் கேள்வியைப் பல நூற்றாண்டுகளாக எண்ணிப் பார்த்து, அதற்கேற்ற அமைப்புகளையும் உருவாக்கிக்கொண்ட ஒரு சமூகத்தார் இருக்கின்றனர். அவர்கள்தாம் யூதர்கள். அமெரிக்காவில் அவர்கள் நடத்திவரும் குடும்பநலச் சேவை நிலையங்களைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

யூதர்கள் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். 1955ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற டேவிட் மார்ஷல் ஒரு யூதரே. போர் முடிந்தபின் 1946ஆம் ஆண்டில் சிங்கப்பூர் யூதர்கள் தங்களுக்கென ஒரு நல வாரியத்தை அமைத்துக்கொண்டனர். இவ்வாறு சிறு தொகையினராக வாழும் இடத்திலும், அவர்கள் தம் ஏழைகளையும் முதியோரையும் கவனிக்க ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொள்வது வழக்கம்.

இந்த வழக்கத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. எபிரேய மொழியில் ஏழைக்குக் கொடுப்பதைச் 'செதாகா' என்பர். நாம் அதைத் 'தருமம்' என்று மொழிபெயர்த்துவிடலாம். ஆனால் அச்சொல் 'நீதி' என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. ஆகவே, கொடுப்பது பெருந்தன்மை அன்று, கடமை. பெறுவது பிச்சை அன்று, உரிமை என்பது அவர்களுடைய கருத்து.

இக்கருத்தை ஒழுங்குபடுத்தி எழுதியவர் மைமோனிடிஸ் என்னும் அறிஞர். இவர் 1138ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் நாட்டின் கோர்டோபா நகரில் பிறந்து, 1204ஆம் ஆண்டில் எகிப்தில் மறைந்தவர், மருத்துவராகவும் விளங்கியவர். கொடைக்கு எட்டுப் படிகள் உண்டென்று அவர் வகுத்தார். மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. கேட்ட பின் கொடுப்பதைவிடக் கேட்குமுன் கொடுப்பது உயர்ந்தது. கொடுத்தவர் யாரென்று பெற்றவருக்கும், பெற்றவர் யாரென்று கொடுத்தவருக்கும் தெரியாமல் கொடுப்பது அதனினும் உயர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலான முதற்படி எது தெரியுமா? ஒருவர் மறுபடியும் பிறரிடம் கையேந்தாதபடி அவருக்குக் கடன் கொடுத்தோ, தொழிலில் கூட்டுச் சேர்த்தோ, வேலை தேடித் தந்தோ அவரை நிமிர்ந்து நிற்கச் செய்வதுதான்.

இனி, இக்கொள்கை எப்படி நிறுவனங்களாக உருவெடுத்தது என்பதைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1850ஆம் ஆண்டிலும், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1854ஆம் ஆண்டிலும் யூதர்கள் உதவிச் சங்கங்களைத் தொடங்கினர். லாஸ் ஏஞ்சலிஸ் சங்கத்தின் தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று, இறந்தவர்களை அடக்கம் செய்ய நிலம் தேடிக்கொண்டதாகும். ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு முதலில் எழும் கவலை அதுவாகத்தானே இருக்கும்! நியூயார்க் நகரில் 1874ஆம் ஆண்டில் பல சங்கங்கள் ஒன்றுகூடி, 'ஒன்றுபட்ட எபிரேய அறநிலையங்கள்' என்ற பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பை ஏற்படுத்தின.

1881ஆம் ஆண்டிலிருந்து ரஷ்யப் பேரரசில் யூதர்களுக்கு எதிரான கலவரங்கள் மூண்டன. அதன்பின் 1924ஆம் ஆண்டு வரையில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்கா வந்து சேர்ந்தனர். அவர்களுள் பலர் நியூயார்க்கின் கீழ்க் கிழக்குப் பகுதியில், காற்றும் வெளிச்சமும் இல்லாத அடுக்கு வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தனர்.

இவர்களுக்காக 1892ஆம் ஆண்டில் எபிரேய வட்டியில்லாக் கடன் சங்கம் தோன்றியது. அதன் தொடக்க முதல் வெறும் 95 அமெரிக்க வெள்ளி. தள்ளுவண்டியில் பழம் விற்க விரும்புகிறவர், தையல் இயந்திரம் வாங்க விரும்புகிறவர் இங்கு வந்து சிறு தொகையைக் கடனாகப் பெறலாம். வட்டி கிடையாது. தெரிந்தவர் பிணை நின்றால் போதும். எந்தச் சமயத்தவரும் கடன் கேட்கலாம். வாங்கியவர் சிறிது சிறிதாகத் திருப்பிச் செலுத்த, அதே பணம் அடுத்தவருக்குப் போகும். இங்கே கடன் வாங்கியவர் பிச்சைக்காரர் அல்லர். நாணயம் உள்ள மனிதர். மைமோனிடிஸ் சொன்ன முதற்படி இதுதான். அச்சங்கம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கி வருகிறது.

ஏழ்மை மட்டுமே குடும்பத்தைச் சிதைப்பதில்லை. புதிய நாட்டுக்கு வந்த ஆடவர் சிலர் மனைவி மக்களை விட்டுவிட்டு மறைந்து போயினர். யூத சமயச் சட்டப்படி, கணவன் விடுதலைப் பத்திரம் கொடுத்தாலன்றி மனைவி மறுமணம் செய்துகொள்ள முடியாது. கணவனும் இல்லை, மறுவாழ்வும் இல்லை என்னும் நிலை. இத்தகைய பெண்களுக்கு உதவ 1911ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஒரு தேசியப் பணியகம் அமைக்கப்பட்டது. ஓடிப்போன கணவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதும், குடும்பத்திற்குப் பணம் செலுத்த வைப்பதும் அதன் வேலை. யூதர்கள் பேசும் இத்திஷ் மொழி நாளிதழான 'ஃபார்வர்ட்ஸ்', காணாமற்போன கணவர்களின் புகைப்படங்களை வரிசையாக வெளியிட்டது. வெட்கப்பட வேண்டியவர் கைவிடப்பட்டவர் அல்லர், கைவிட்டவரே என்பதை அந்தப் பக்கம் ஊருக்கெல்லாம் காட்டியது.

நேயர்களே, இந்த நிறுவனங்கள் தொடக்கத்திலிருந்தே குறையற்றவையாக இருந்தன என்று நான் சொல்லமாட்டேன். அறநிலையங்களை நடத்தியவர்கள் பெரும்பாலும் முன்பே வந்து வசதி பெற்றிருந்த ஜெர்மானிய யூதர்கள். உதவி கேட்டு வந்தவர்களோ ரஷ்யாவிலிருந்து வந்த ஏழைகள். "எத்தனை பிள்ளைகள்? ஏன் வேலை இல்லை? வீட்டில் என்ன இருக்கிறது?" என்று துருவித் துருவிக் கேட்ட கேள்விகள் ஏழைகளின் மனத்தைப் புண்படுத்தின. அவர்களில் பலர் தங்கள் பழைய ஊரின் பெயரால் தாங்களே சங்கங்கள் அமைத்துக்கொண்டு, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, நோய்க்கும் சாவுக்கும் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டனர். ஒரே இனத்தார், ஒரே சமயத்தார் என்றாலும், மேலிருந்து கீழே பார்த்துக் கொடுத்தால் கசப்பு வரத்தான் செய்யும்.

இந்தக் கசப்பிலிருந்து நிறுவனங்கள் பாடம் கற்றன. பெயர் மாறிய விதத்தைப் பாருங்கள். 1874ஆம் ஆண்டில் 'அறநிலையங்கள்' என்றிருந்த நியூயார்க் அமைப்பு, 1926ஆம் ஆண்டில் 'சமூக சேவைச் சங்கம்' ஆயிற்று. 1946ஆம் ஆண்டில் புரூக்ளின் அமைப்புடன் இணைந்து 'யூதக் குடும்பச் சேவை' ஆயிற்று. தருமம் என்ற சொல் மறைந்து, குடும்பம் என்ற சொல் வந்தது. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் முதியோருக்கும் வறியோருக்கும் பணம் வழங்கும் பொறுப்பில் பெரும்பகுதியை அமெரிக்க அரசே ஏற்றுக்கொண்டது. ஆகவே இந்நிறுவனங்கள், பணத்தால் மட்டும் தீராத துன்பங்களின்மேல் கவனம் செலுத்தத் தொடங்கின.

இன்று இத்தகைய நிலையம் ஒன்றுக்கு ஒருவர் போனால் என்ன நடக்கும்? பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் ஒருவர் அவரைத் தனியறையில் உட்கார வைத்துப் பேசுவார். பேசியது வெளியே போகாது. கணவன் மனைவி பூசல், பிள்ளையின் மனக்குழப்பம், வேலை இழப்பு, வீட்டில் அடிதடி, வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை என எதுவாகவும் இருக்கலாம். ஆலோசனைக்குப் பல நிலையங்கள் வருமானத்திற்கேற்பக் கட்டணம் வாங்குகின்றன. இல்லாதவரும் தம்மால் இயன்ற சிறு தொகையைக் கொடுத்துவிட்டு, "நானும் கட்டணம் கட்டினேன்" என்ற எண்ணத்தோடு வெளியே வரலாம்.

தனித்து வாழும் முதியோருக்கு, அவர்கள் சமய விதிப்படி சமைத்த கோஷர் உணவு வீட்டுக்கே போகிறது. உணவைக் கொண்டு செல்பவர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவார். கதவு திறக்கப்படாவிட்டால் நிலையத்துக்குத் தகவல் சொல்வார். லாஸ் ஏஞ்சலிஸ் நிலையம் 'சோவா' என்ற பெயரில் உணவுப் பொருள் வழங்கும் திட்டத்தை நடத்தி வந்துள்ளது. வயிறு நிறைதலைக் குறிக்கும் எபிரேயச் சொல் அது. இப்படிப்பட்ட இடங்கள் பலவற்றில், கட்டிவைத்த பொட்டலத்தைக் கையில் திணிப்பதில்லை. கடையில் வாங்குவதுபோல வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்ளலாம். இச்சேவைகளுள் பல யூதர் அல்லாதவர்களுக்கும் கிடைக்கின்றன.

இவற்றுள் என் மனத்தைத் தொட்டது, ஹிட்லரின் கொலைமுகாம்களிலிருந்து தப்பிப் பிழைத்த முதியோருக்குச் செய்யும் பணி. ஜெர்மனியிடமிருந்து இழப்பீடு பெறுவதற்காக 1951ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட யூதப் பேரவையின் நிதி, இவர்களை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க உதவுகிறது. இவர்களுள் சிலருக்கு உணவுக்காக வரிசையில் நிற்பதே பழைய கொடுமையை நினைவூட்டிவிடும். குளியலறையும் சீருடையும்கூட அச்சமூட்டலாம். சிலர் ரொட்டித் துண்டைத் தலையணைக்கடியில் ஒளித்து வைப்பர். இதையெல்லாம் அறிந்து நடந்துகொள்ளும்படி பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி அளிக்கின்றனர். உதவும் முறையே ஒருவரைப் புண்படுத்தலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? சேவைகள் சிலவற்றுக்கு அரசு மானியம் உண்டு. 1895ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர யூதர்கள், பல அறநிலையங்களுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் நன்கொடை திரட்டும் கூட்டமைப்பை ஏற்படுத்தினர். மற்ற நகரங்களும் இதைப் பின்பற்றின. பலருடைய பணம் ஒரே நிதியில் கலந்து பிறகு பங்கிடப்படுவதால், யாருடைய காசு யாருக்குப் போனது என்று எவருக்கும் தெரிவதில்லை. மைமோனிடிஸ் சொன்ன இரண்டாம் படி இவ்வாறு கணக்குப் புத்தகத்திலேயே அமைந்துவிட்டது.

நேயர்களே, அந்தச் சிறுவனின் பேச்சு இன்றும் என் காதில் ஒலிக்கிறது. அடுத்த ஆண்டு உதவிப் பொருள்கள் வந்தபோது நான் பட்டியலைப் படிக்கவில்லை. மாலையில் பெற்றோரை ஒவ்வொருவராக வரச் சொல்லி, காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தைக் கொடுத்தேன். "நீங்களே வாங்கித் தந்ததாகப் பிள்ளையிடம் சொல்லுங்கள்" என்றேன். ஒரு தாய் மட்டும், "சும்மா வேண்டாங்க சார், பள்ளிக்கூடத்துல ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்றார். பள்ளித் தோட்டத்தில் அவர் நட்டுவைத்த முருங்கை இன்றும் காய்க்கிறது.

நம் ஊர்களிலும் சங்கங்கள் இருக்கின்றன, கோயில்கள் இருக்கின்றன, கொடுக்கும் மனமும் இருக்கிறது. இனிக் கொடுக்கும்போது மேடையும் மாலையும் படப்பிடிப்பும் தேவைதானா என்று ஒரு நொடி எண்ணிப் பார்ப்போம். வாங்குகிறவர் நாளைக்கு நம்மை வழியில் கண்டால் ஒதுங்கிப் போகாமல், நேருக்கு நேர் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும். அப்போதுதான் நாம் செய்த உதவி முழுமையானதாகும்.