பூட்டை உடைக்க வேண்டாம், நானா

அன்று மஃரிப் தொழுகை முடிந்து நான் வீட்டுக்குள் நுழையவும், அக்குறணை 7ஆம் கட்டைப் பக்கம் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு நானா லெப்டொப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நிற்கவும் சரியாக இருந்தது. "தம்பி, இதுக்கு வைரஸே வராதெண்டு சொல்லித்தான் லினக்ஸ் போட்டுத் தந்தாங்க. இப்ப திரையில ஒண்டுமே வருதில்ல." கடையின் 3 வருடக் கடன் கணக்கு அதற்குள் இருந்தது. வேறு பிரதி கிடையாது.

நடந்தது இவ்வளவுதான். உபுண்டு என்ற அந்த லினக்ஸ் பின்னணியில் தானாகவே பாதுகாப்புப் புதுப்பிப்பை இறக்கி நிறுவிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மகன் பிரின்டருக்கு மென்பொருள் நிறுவப் போயிருக்கிறான். "பூட்டைப் பெற முடியவில்லை, இன்ன இலக்கச் செயல் அதை வைத்திருக்கிறது" என்று கணினி சொன்னது. போனில் ஒரு வீடியோவைத் தேடி, பூட்டுக் கோப்பை அழிக்கும் கட்டளையை ஒட்டி, கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டான். பிறகு பொறுமையில்லாமல் பவர் பட்டனையும் அமுக்கியிருக்கிறான். இயங்குதளத்தின் கருவே பாதி மாறிய நிலையில் நின்றுபோனது.

இந்த ஒரே தவறு எத்தனை தடவை என் மேசைக்கு வந்திருக்கிறது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்தப் பூட்டு பழுதல்ல, காவல். ஒரே பெட்டகத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கைவைக்காமல் தடுப்பதற்காக வைத்தது. செய்தி வந்தால் 15 நிமிடம் காத்திருங்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். செய்தியிலேயே அந்தச் செயலின் பெயர் இருக்கும். அது தானியங்கிப் புதுப்பிப்பு என்றால் வேலை முடிந்ததும் பூட்டு தானே திறக்கும். மணிக்கணக்காகியும் அசையவில்லையென்றால் முறைப்படி மறுதொடக்கம் செய்யுங்கள். அதன் பின் மறுபடி நிறுவப்போனால், வேலை இடையில் நின்றுவிட்டது, இந்தக் கட்டளையை ஓட்டு என்று மேற்கோள் குறிக்குள் கணினியே எழுதிக்காட்டும். அதை எழுத்துப் பிசகாமல் அடியுங்கள். மென்பொருள் பொதிகளுக்கிடையே சார்பு உடைந்திருந்தால் அதைச் சரிசெய்யும் கட்டளையையும் அதுவே சொல்லும். மருந்துச் சீட்டை நோயே கையில் தரும்போது, வீடியோவில் வரும் முன்பின் தெரியாத ஒருவனிடம் எதற்கு ஓடுகிறீர்கள்?

வாசிக்கும் பழக்கம் இல்லாததுதான் இங்கே நோய். டெர்மினலில் 40 வரி ஓடினால் எல்லோரும் கடைசி வரியைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பிழை வரிகள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தோடும் முக்காற்புள்ளியோடும் தொடங்கும், எச்சரிக்கைகள் 'டபிள்யூ'வோடு. அவற்றில் முதலாவது ஈ வரிதான் காரணம். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவு. எனக்கு அனுப்புவதானால் அந்த வரியை அனுப்புங்கள்.

அக்குறணை வியாபாரியிடம் நான் எப்போதும் ஒன்றைத்தான் கேட்பேன். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டு, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுப்பீர்களா? சிரிப்பார்கள். 'சூடோ' என்று தொடங்கும் கட்டளைக்குக் கடவுச்சொல் கொடுப்பது அதேதான். அந்தக் கணத்தில் முழுக் கணினியின் உரிமையும் அந்த வரிக்குப் போய்விடுகிறது. ஒரு இணைய முகவரியிலிருந்து எதையோ இறக்கி நேராக நிர்வாகி உரிமையோடு ஓட்டும் ஒற்றைவரிக் கட்டளைகள் இன்னும் மோசம். என்ன ஓடியது என்பதை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். வாசித்து விளங்காத எதற்கும் கடவுச்சொல் கொடுக்காதீர்கள்.

தேர்ந்தவர்களும் இதில் விழுகிறார்கள். 2021இல் லினஸ் செபாஸ்டியன் என்ற பிரபல யூடியூபர் பொப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளை நிறுவப் போனார். டெஸ்க்டொப்பின் முக்கிய பாகங்கள் நீக்கப்படும் என்று கணினி பட்டியல் போட்டுக்காட்டி, உறுதிப்படுத்த ஒரு முழு வாக்கியத்தையே தட்டச்சு செய்யச் சொன்னது. அவர் தட்டச்சு செய்தார். டெஸ்க்டொப் போய்விட்டது. பிழையான பொதி அந்த நிறுவனத்தின் குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் 'நீக்கப்படும்' என்ற தலைப்பின் கீழ் நீளமான பட்டியல் வந்தால் 'வை' எழுத்தை அமுக்காதீர்கள்.

இவ்வளவு பேர் ஏன் திடீரென்று லினக்ஸுக்கு வந்தார்கள் என்று அதிகம் சொல்லத் தேவையில்லை. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லெப்டொப்புகள் வீடுகளில் கிடக்கின்றன. திருட்டு விண்டோஸ் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்துக்கு எதிரானது, வைரஸோடு வருவதும் உண்டு. ஆகவே லினக்ஸ் நல்ல முடிவு. இலங்கைக்கு அது அந்நியமும் அல்ல. கண்டியில் நிமிர்ந்து பார்த்தால் தெரியும் ஹந்தானை மலையின் பெயரில் ஹந்தானா லினக்ஸ் என்றொரு பதிப்பே இங்கு உருவானது.

ஆனால் எந்தப் பதிப்பு என்று யாரும் கேட்பதில்லை. உபுண்டு 20.04இன் இலவச வழமை ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதே பழைய பென்டிரைவிலிருந்து இன்றும் நிறுவிக் கொடுக்கிறார்கள். 22.04க்கு 2027 வரை, 24.04க்கு 2029 வரை ஆதரவு உண்டு. லினக்ஸ் மிண்ட் 22உம் 2029 வரை. உபுண்டுவில் இரட்டைப்படை ஆண்டில் வரும் 04 பதிப்புகளுக்கு மட்டும்தான் 5 வருட ஆயுள். இடையில் வருபவை 9 மாதத்தில் செத்துப்போகும். அதன் பிறகு புதுப்பிக்கப் போனால் '404' என்று வரும். அதைப் பார்த்து இணையம் சரியில்லை என்று கம்பனிக்கு ஏசுகிறார்கள்.

கைமாறி வரும் பென்டிரைவையும் நம்ப முடியாது. 2016 பெப்ரவரி 20 அன்று மிண்டின் சொந்த இணையத்தளத்தையே உடைத்து, மிண்ட் 17.3 சினமன் பதிப்புக்குப் பதிலாகப் பின்கதவு வைத்த பதிப்பை இறக்க வைத்தார்கள். அந்தப் பின்கதவின் பெயர் சுனாமி. இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் தப்பினார்கள். இன்று மிண்டில் ஐஎஸ்ஓ கோப்பின் மேல் வலது சொடுக்கினாலே சரிபார்க்கும் வசதி இருக்கிறது. 10 நிமிட வேலைதான், ஆனாலும் நிறுவித் தருகிறவர் செய்தாரா என்று கேட்டுப் பாருங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் கடைத்தெரு நனைகிறது. நனைந்து காய்ந்த கணினிகளும் பழைய லெப்டொப்புகளும் மறுபடி ஓடுகின்றன. அவற்றுள் நாணயம் போன்ற ஒரு சின்ன பெட்டரி செத்திருக்கும். கரண்ட் போய் வந்தால் கடிகாரம் பல வருடம் பின்னுக்குப் போய்விடும். இணையம் கிடைத்ததும் பெரும்பாலும் தானே திருத்திக்கொள்ளும். திருத்தாதபோது, பொதிக் களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பு "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று புதுப்பிப்பு நின்றுவிடும். செய்ய வேண்டியது திகதியைச் சரிசெய்வதும் 2032 இலக்கப் பெட்டரியை மாற்றுவதும். ஆட்கள் செய்வதோ கையொப்பச் சரிபார்ப்பையே அணைத்துவிடுவது! 'நம்பிக்கையானது' என்று களஞ்சியத்துக்குப் பக்கத்தில் ஒரு சொல்லைச் சேர்த்துவிடுகிறார்கள். அதன் பிறகு அந்தப் பெயரில் யார் எதை அனுப்பினாலும் கணினி கேள்வி கேட்காமல் விழுங்கும். பெட்டரி மாற்றிய பிறகும் அந்தச் சொல்லை யாரும் எடுப்பதில்லை. கையொப்பச் சரிபார்ப்பை அணைக்காதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் அணைக்காதீர்கள்.

வைரஸ் வராது என்ற பேச்சையும் விடுங்கள். போலி வங்கிப் பக்கத்தில் நீங்களே கடவுச்சொல்லை எழுதிக்கொடுத்தால் எந்த இயங்குதளம் காப்பாற்றும்? உபுண்டுவின் ஸ்னாப் கடையிலேயே போலி கிரிப்டோ பணப்பைச் செயலிகள் ஏற்றப்பட்டு ஆட்கள் பணம் இழந்திருக்கிறார்கள். உதவி செய்கிறேன் என்று போனில் பேசி, தூர இருந்து திரையை இயக்கும் செயலியை நிறுவச் சொல்பவனுக்கு லினக்ஸும் ஒன்றுதான், விண்டோஸும் ஒன்றுதான்.

சரி, ஏதோ நடந்துவிட்டது. தெரியாத செயலி ஓடுகிறது, கணக்கிலிருந்து காசு போகிறது. முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்கு அழைத்து கார்டையும் ஒன்லைன் கணக்கையும் நிறுத்துங்கள். கடவுச்சொற்களையும் அந்த வேறு கருவியிலிருந்தே மாற்றுங்கள். கணினியை 'போர்மட்' செய்யக் கொடுக்க வேண்டாம். நம்மவர்கள் முதலில் செய்வது இதைத்தான், ஆதாரம் முழுவதும் இதில்தான் அழிகிறது. திரையைத் திகதி தெரிய வேறு போனால் படமெடுங்கள். என்ன நிறுவப்பட்டது, எப்போது என்பதை லினக்ஸ் தன் பதிவேட்டுக் கோப்புறையில் நாள் நேரத்தோடு எழுதி வைத்திருக்கும். அந்தக் கோப்புறையை அப்படியே ஒரு பென்டிரைவுக்கு எடுங்கள். மீண்டும் சொல்கிறேன், போர்மட் செய்ய வேண்டாம்.

அடுத்து 101. அது இலங்கை சேர்ட் என்ற கணினி அவசரத் தயார்நிலைக் குழுவின் இலக்கம். தொழில்நுட்ப வழிகாட்டல் அங்கே கிடைக்கும். பெண் பிள்ளைகளின் படங்களை வைத்து மிரட்டும் விடயமென்றால் ஹிதவதி என்ற உதவிச் சேவை இருக்கிறது. வீட்டில் மறைத்துவைத்து பிள்ளையைத் தனியே அழவிடாமல் அவர்களோடு பேசுங்கள்.

தண்டனைக்குரிய குற்றமாக விசாரிக்க பொலிஸ் வேண்டும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி, அனுமதியின்றி ஒருவரின் கணினிக்குள் நுழைவதே குற்றம். 5 வருடம் வரை சிறை, 100,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவு கொழும்பில் இருப்பதால், "இது இங்கே எடுக்க ஏலாது, கொழும்புக்குப் போங்க" என்று ஒரு பதில் வரும். திரும்பி வராதீர்கள். குற்றத்தைப் பற்றிய தகவலை வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்வது பொலிஸ் நிலையத்தின் கடமை. முறைப்பாட்டை ஒரு தாளில் தமிழிலேயே எழுதிக் கொண்டுபோங்கள்: எந்தத் திகதி, எத்தனை மணி, கணினியின் மாதிரி, எந்தச் செயலி அல்லது கட்டளை, அதை எங்கிருந்து எடுத்தீர்கள், போன தொகை, வங்கியின் கணக்குக் கூற்று, எடுத்த படங்கள். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி கையெழுத்துக் கேட்டால், வாசித்து மொழிபெயர்த்துக் காட்டும்வரை பேனாவைத் தொடாதீர்கள். தமிழும் அரசகரும மொழி. தமிழில் தொடர்புகொள்வது அரசியலமைப்பு தந்த உரிமை. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கையில் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். காசு போன விடயத்தில் வங்கியோடு பேசும்போது அதைக் காட்ட வேண்டிவரும்.

கடைக்காரன் ஏமாற்றியிருந்தால் வழி வேறு. ஒரிஜினல் விண்டோஸ் என்று சொல்லி திருட்டுப் பிரதி கொடுத்தாலோ, காலாவதியான பதிப்பைப் புதிதென்று நிறுவிக் காசு வாங்கினாலோ, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகலாம். இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கி அல்லது சேவை பெற்று 3 மாதத்துக்குள் இருக்க வேண்டும். 3 மாதம்! ஆட்கள் பெருநாள் கழியட்டும், பரீட்சை முடியட்டும் என்று 5ஆம் மாதம் வந்து என்னிடம் நிற்கிறார்கள். பற்றுச்சீட்டு? "தெரிஞ்ச கடைதானே, வாங்கல்ல." கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது விற்பவரின் சட்டக் கடமை, அதனால் கேளுங்கள். அதில் லெப்டொப் மாதிரி, தொடர் இலக்கம், நிறுவிய இயங்குதளத்தின் பெயர், பதிப்பு, வாரண்டிக் காலம் எல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். 'லெப்டொப் 1' என்று எழுதிய துண்டை வைத்து எந்த அதிகாரியிடமும் எதையும் நிரூபிக்க முடியாது.

அரசாங்கம் நமக்கு முன்மாதிரியாக இருக்கிறதா என்றால், 2023ஐ நினைத்துப் பாருங்கள். இலங்கை அரசாங்க மேகக் கட்டமைப்பு கப்பம் கேட்கும் மென்பொருளின் தாக்குதலுக்கு ஆளாகி, மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் தொலைந்தன. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. காலங்கடந்த மின்னஞ்சல் மென்பொருள் பதிப்பு, அந்தக் காலத்துக்கான பிரதி இல்லை. 7ஆம் கட்டைத் துணிக்கடையின் கதையேதான், அளவு மட்டும் பெரிது. 2022இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் அமுலுக்கு வரவேண்டியிருந்தும் அந்தத் திகதி தள்ளிப்போடப்பட்டது. இவர்களை நம்பி உங்கள் கணக்குப் புத்தகத்தை விட்டுவைக்க முடியாது.

நானாவின் கணினி என்ன ஆனது என்று சொல்லவில்லையே. வேறு பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி, முதலில் கடன் கணக்கை வெளியே எடுத்தேன். பழுதுபார்ப்பதற்கு முன் பிரதி, எப்போதும் அந்த வரிசைதான். பிறகு மீட்பு முறையில் நுழைந்து, உடைந்த பொதிகளைச் சரிசெய்யும் தெரிவைக் கொடுத்தேன். 20 நிமிடத்தில் எழும்பியது. மகனைக் கூப்பிட்டு ஒரு சீஆர் கொப்பி வாங்கச் சொன்னேன். முதல் பக்கத்தில் பதிப்பின் பெயர், நிறுவிய திகதி, ஆதரவு முடியும் வருடம். அடுத்த பக்கத்தில் பற்றுச்சீட்டை ஒட்டி, வாங்கிய நாளிலிருந்து 3 மாதம் எண்ணி ஒரு திகதியைச் சிவப்பில் எழுதவேண்டும். கீழே 101, 1977, வங்கியின் அவசர இலக்கம். அதன் பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிரதி எடுத்ததற்கு ஒரு கையெழுத்து. கொப்பியும் பிரதி எடுத்த டிரைவும் கடையின் கீழ்த்தட்டில் இருக்கக்கூடாது, வீட்டு மேல்மாடியில் இருக்க வேண்டும். பிங்கா ஓயாவுக்கு மேலே.