முதலில் கடிதம், பிறகுதான் விமானச் சீட்டு

“அக்கா, இப்போ விசா இல்லாமலே மலேசியாவுக்கு வரலாமாமே? முதல்ல சுத்திப் பார்க்க வர்ற மாதிரி வந்துட்டு, அங்க வந்து ஸ்டூடண்ட் பாஸா மாத்திக்கலாம்னு ஏஜென்ட் சொல்றார். டிக்கெட் போட்டுடவா?”

ஒவ்வொரு தவணையும் மாணவர் சேர்க்கை நெருங்கும்போது இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் எங்கள் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்தால் இப்படி இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தால், “அங்க வந்த பிறகு மாத்தலாம் எண்டு சொல்லுகினம், உண்மையோ அக்கா?” என்று இருக்கும். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: போடாதீர்கள்.

நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில் அனைத்துலக மாணவர்களுக்கு உதவ ஒரு மாணவர் குழு இயங்குகிறது. விமான நிலையத்திற்குப் போய் அழைத்து வருவது, விடுதி அறையைக் காட்டுவது, கைப்பேசிக்கு சிம் அட்டை வாங்கித் தருவது போன்றவைதான் எங்கள் வேலை என்று நினைத்துச் சேர்ந்தேன். உண்மையில் பாதி வேலை அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தமிழ் பேசத் தெரிந்தவள் என்பதால் தமிழ்நாடு, இலங்கை மாணவர்களின் கேள்விகள் என் பக்கம் வந்து சேரும்.

மேலே உள்ள கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பது புரிந்துகொள்ளக் கூடியதே. 2023 டிசம்பர் 1 முதல் இந்திய, சீனக் குடிமக்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை மலேசியாவில் தங்கலாம் என்ற சலுகை நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது சுற்றுலாவுக்கும் குறுகிய கால வருகைக்கும் உரியது. படிக்க வருபவருக்கு அது பொருந்தாது. படிப்புக்கான அனுமதியை மாணவர் தம் நாட்டில் இருக்கும்போதே விண்ணப்பித்துப் பெற வேண்டும். சுற்றுப்பயணியாக உள்ளே வந்தவர் பிறகு ‘மாற்றிக்கொள்வது’ என்பது முகவர் வாயில் மட்டும் எளிதான காரியம். அப்படி வந்தவர் 30 நாளுக்குள் திரும்பிப் போய், முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். திரும்பிப் போகப் பணம் இல்லாமலோ, வீட்டில் சொல்ல வெட்கப்பட்டோ இங்கேயே தங்கிவிட்டால் கதை வேறு. அன்றிலிருந்து அவர் மாணவர் அல்லர். குடிநுழைவுத் துறையின் பார்வையில் அனுமதிக் காலம் கடந்து தங்கியவர். கைது, நாடு கடத்தல், மீண்டும் நுழையத் தடை என்று அது போகும் தூரம் மிக அதிகம்.

“வால் வந்தாச்சா?”

எங்கள் குழுவில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. மின்னியல் விசா ஒப்புதல் கடிதத்தை எல்லோரும் ‘இ-வால்’ என்றுதான் சொல்கிறோம். வால் இல்லாமல் விமானம் ஏறாதே என்பது எங்களுக்குள் ஒரு நகைச்சுவை. புதிதாக வரும் மாணவர்களுக்கும் அது உடனே மனத்தில் பதிந்துவிடுகிறது.

இந்தக் கடிதத்திற்கான விண்ணப்பங்களைக் கையாள்வது எட்யூகேஷன் மலேசியா குளோபல் சர்விசஸ், சுருக்கமாக இஎம்ஜிஎஸ். உயர்கல்வி அமைச்சின் கீழ் 2012இல் அமைக்கப்பட்ட நிறுவனம் அது. 2025க்குள் இரண்டரை லட்சம் அனைத்துலக மாணவர்களை ஈர்ப்பது என்று நம் உயர்கல்விப் பெருந்திட்டம் இலக்கு வைத்திருந்தது. அந்த அளவில் மாணவர்கள் வரும்போது ஒவ்வொரு கல்லூரியும் தன்போக்கில் குடிநுழைவு அலுவலகத்துக்கு அலைவது சரிப்படாது அல்லவா?

வரிசை இப்படி. முதலில் பல்கலைக்கழகம் சேர்க்கைக் கடிதம் தருகிறது. அடுத்து ஆவணங்களுடன் விண்ணப்பம் இஎம்ஜிஎஸ்ஸுக்குப் போகிறது. அங்கு ஆவணங்கள் சரிபார்க்கப்பட்ட பிறகு குடிநுழைவுத் துறை ஒப்புதல் தர, இ-வால் வருகிறது. விசா தேவைப்படும் நாட்டவர் அந்தக் கடிதத்தைக் காட்டி ஒருமுறை நுழைவதற்கான விசாவைப் பெறுகிறார். அதற்குப் பிறகுதான் விமானச் சீட்டு.

தாமதம் பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களில்தான் விழுகிறது. கடப்பிதழின் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து அனுப்ப வேண்டும், வெற்றுப் பக்கங்கள் உட்பட. “காலியா இருக்கிற பக்கத்தை எதுக்கு ஸ்கேன் பண்ணணும்?” என்று கேட்காத மாணவரே இல்லை. படம் உள்ள பக்கத்தை மட்டும் அனுப்பினால் விண்ணப்பம் முழுமையடையாமல் நிற்கும். புகைப்படத்தின் பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். ஊரில் ஸ்டூடியோவில் எடுத்த நீலப் பின்னணிப் படத்தை அனுப்பிவிட்டு ஒரு வாரம் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. இஎம்ஜிஎஸ் இணையத்தளத்தில் கடப்பிதழ் எண்ணையும் நாட்டின் பெயரையும் கொடுத்தால் விண்ணப்பம் எத்தனை விழுக்காடு நகர்ந்திருக்கிறது என்பதை மாணவரே பார்க்கலாம். முகவர் “எல்லாம் முடிஞ்சது, இன்னும் இரண்டு நாள்” என்று சொல்லும்போது திரையில் விண்ணப்பமே இல்லை என்று தெரிந்தால், அங்கேயே உண்மை வெளியாகிவிடும்.

அப்பா பெயரா, குடும்பப் பெயரா?

ஆவணங்களைவிட அதிக நேரம் எங்களைப் பிடித்து வைப்பது பெயர்தான். இது நம்மவர்களுக்கே உரிய தலைவலி என்று சொல்லலாம்.

விண்ணப்பப் படிவங்கள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்திருக்கின்றன. தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? எடுத்துக்காட்டாக, ஒரு மாணவியின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ‘கவிதா எஸ்’ என்றிருக்கும். கடப்பிதழில் பெயர் கவிதா, குடும்பப் பெயர் செல்வம். ஆங்கிலத் தேர்வுச் சான்றிதழில் ‘செல்வம் கவிதா’. அவளுக்கு மூன்றும் தானே. கணினிக்கும் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கும் மூன்று பேர். சிலருடைய கடப்பிதழில் குடும்பப் பெயர்க் கட்டமே வெறுமையாக இருக்கும். படிவமோ அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது.

கடப்பிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து, எல்லா இடத்திலும் எழுதுவதுதான் வழி. பழைய சான்றிதழில் பெயர் வேறு மாதிரி இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை ஊரிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தியாவில் நோட்டரி வழக்கறிஞர், இலங்கையில் சமாதான நீதவான். இதை இங்கே வந்த பிறகு செய்வதென்றால் அலைச்சல்தான்.

அத்தனையும் சரியாகச் செய்தாலும் ஒரு வேடிக்கை மிச்சம் இருக்கும். பெயர்ப்பட்டியலில் குடும்பப் பெயரைப் பார்த்து விரிவுரையாளர் தவணை முழுவதும் “செல்வம்?” என்று அழைப்பார். கவிதா கை தூக்குவாள். “எங்கப்பா தினமும் வகுப்புக்கு வந்துட்டுப் போறார்” என்று அப்படி ஒரு தோழி சொன்னாள்.

இன்னொன்று. இலங்கையிலிருந்து வந்த ஒரு மாணவர் எங்கள் வகுப்புப் பட்டியலை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “என்ன இது, எல்லாப் பெடியளும் ஏ/எல் பாஸ் எண்டு பேருக்குள்ளயே போட்டிருக்கினம்?” என்று கேட்டார். அவர் ஊரில் ஏ/எல் என்றால் உயர்தரப் பரீட்சை. நமக்கோ அது ‘அனாக் லெலாக்கி’, இன்னார் மகன். சிரித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது.

நாங்கள் செய்யக்கூடாதவை

உதவி என்ற பெயரில் எல்லை தாண்டுவது எளிது. “நீங்களே என் கணக்கில நுழைஞ்சு படிவத்தை நிரப்பிடுங்க அக்கா” என்று கடவுச்சொல்லை அனுப்புபவர்கள் உண்டு. நாங்கள் வாங்குவதில்லை. படிவத்தில் தவறு இருந்தால் அதற்குப் பொறுப்பு கையெழுத்திட்ட மாணவர்தான். ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கட்டுரையை எழுதிக் கொடுப்பதும் இல்லை. எழுதியதைப் படித்து எங்கே புரியவில்லை என்று சொல்வோம். யாரிடமும் பணம் வாங்குவதில்லை, ஒரு டீகூட. பிரிட்டனில் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிய தகுதியோ அங்கீகாரமோ இல்லாதவர் குடிநுழைவு ஆலோசனை வழங்குவதே குற்றம். இங்கே மாணவர் தன்னார்வலர்களுக்கு அந்த அளவு கண்டிப்பு இல்லாவிட்டாலும், சிக்கலான கேள்வி வந்தால் “அனைத்துலக மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள்” என்று சொல்லி நிறுத்திக்கொள்வதுதான் நல்லது என்று நினைக்கிறேன்.

அலுவலகங்கள் இந்தப் பொறுப்பை மாணவர்கள் தலையில் கட்டிவிடுவதையும் நான் ஏற்கவில்லை. நள்ளிரவில் வரும் குறுஞ்செய்திக்கு இருபது வயது மாணவர் பதில் சொல்லலாம். ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் தொடும் முடிவுக்கு அவர் பதில் சொல்லக்கூடாது.

முகவர்கள் எல்லோரும் மோசம் என்று சொல்லிவிட முடியாது. பல்கலைக்கழகங்களே அங்கீகரித்த முகவர்கள் இருக்கிறார்கள். கழிவுத் தொகையைப் பல்கலைக்கழகமே அவர்களுக்குத் தருகிறது. கேட்டால் பெயர்ப்பட்டியலையும் தரும். படிப்புக் கட்டணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் கட்டச் சொல்கிறாரா, தன் சொந்தக் கணக்கில் போடச் சொல்கிறாரா என்பதைப் பாருங்கள். படிப்பு உண்மையிலேயே அங்கீகாரம் பெற்றதா என்பதை மலேசியத் தகுதிகள் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம். அதில் இல்லாத படிப்புக்கு நகையை அடகு வைக்க வேண்டாம்.

வந்து சேர்ந்த பிறகு

விமானம் ஏறுவதற்கு முன் மூன்று நாளுக்குள் மலேசிய மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். இது இலவசம்; காசு கேட்கும் தளம் அதிகாரபூர்வமானது அல்ல. வந்து இறங்கிய ஏழு வேலை நாளுக்குள் இஎம்ஜிஎஸ் பட்டியலில் உள்ள கிளினிக்கில் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். அதன்பின் மாணவர் பாஸ்.

கடப்பிதழை எந்த வேலைக்காக ஒப்படைத்தாலும், பெற்றுக்கொண்டதற்கு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். வீட்டு உரிமையாளரோ முகவரோ “பத்திரமா என்கிட்டயே இருக்கட்டும்” என்றால் மறுத்துவிடுங்கள். சட்டப்படியான உரிமையின்றிப் பிறர் கடப்பிதழை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம்.

பகுதிநேர வேலை பற்றிப் பெரிய கனவோடு வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவர்களுக்குச் செய்யும் உபகாரம். தவணை விடுமுறையிலும் ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையிலும் மட்டுமே வேலை செய்யலாம், வாரத்திற்கு 20 மணி நேரம் வரை. கல்வி நிலையம் வழியாகக் குடிநுழைவுத் துறையின் அனுமதி வேண்டும். உணவகம், பெட்ரோல் நிலையம், மினி மார்க்கெட், தங்குவிடுதி ஆகிய இடங்கள்தான். அங்கேயும் காசாளராக உட்கார அனுமதி இல்லை. ‘அங்கே வேலை செய்து கட்டணத்தைக் கட்டிவிடலாம்’ என்ற கணக்கு இங்கே தேறாது.

பாஸைப் புதுப்பிக்க 80 விழுக்காடு வருகையும் 2.0 சராசரிப் புள்ளியும் தேவை. முதல் தவணையில் ஊர் நினைப்பில் வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே கிடப்பவர்களை நாங்கள் கதவைத் தட்டி எழுப்புவதற்கு இது ஒரு காரணம்.

நாம் வெளியே போகும்போது

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடித்து வெளிநாடு போக நினைக்கும் தம்பி தங்கைகளுக்கும் இதே வரிசைதான். பெயர்தான் மாறும். அமெரிக்காவில் ஐ-20 படிவம், ஆஸ்திரேலியாவில் சேர்க்கை உறுதிச் சான்று, பிரிட்டனில் சிஏஎஸ் எண், சிங்கப்பூரில் கொள்கையளவு ஒப்புதல் கடிதம். அது கைக்கு வராமல் அடுத்த படி இல்லை.

நம் பெயர்ச் சிக்கலும் கூடவே வரும். மலேசியக் கடப்பிதழில் பெயர் ஒரே வரியில் இருக்கும். குடும்பப் பெயர் என்று பிரித்துக் காட்டாது. ‘ஏ/எல்’, ‘ஏ/பி’யில் உள்ள சாய்கோட்டைப் பல இணையப் படிவங்கள் ஏற்பதில்லை, விமானச் சீட்டிலும் அது காணாமல் போகும். அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவது என்று முடிவு செய்தால், ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குப் பதியும் நாளிலிருந்து விசா படிவம் வரை அதையே பின்பற்றுங்கள். ஓரிடத்தில் சாய்கோடு, ஓரிடத்தில் இடைவெளி, ஓரிடத்தில் ‘ஏபி’ என்று சேர்த்து எழுதினால் விளக்கக் கடிதம் எழுதுவதிலேயே நேரம் போய்விடும்.

பிரிட்டனுக்கு ஆறு மாதத்துக்கு மேல் படிக்கப் போகும் மலேசியர்கள் அங்கீகரிக்கப்பட்ட கிளினிக்கில் காசநோய்ச் சோதனை செய்து சான்றிதழ் வாங்க வேண்டும். அது ஆறு மாதம் செல்லும். செலவுக்கான பணம் 28 நாள் தொடர்ந்து வங்கிக் கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். மலேசியர்களிடம் பொதுவாக அந்த வங்கி அறிக்கையை விண்ணப்பத்தோடு கேட்பதில்லை என்பதால் சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள். கேட்கும் உரிமை அதிகாரிக்கு எப்போதும் உண்டு. மாமாவிடம் கடன் வாங்கி நிரப்புவதாக இருந்தாலும் 28ஆம் நாள் முடியும்வரை அந்தக் கணக்கைத் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள்.