பள்ளிப் பிள்ளைகள் எழுதிவைத்த அயர்லாந்து

நாட்டார் வழக்காற்றைக் குறிக்க ஐரிஷ் மொழியில் வழங்கும் ‘பேலிடியஸ்’ என்னும் சொல், வாயையும் போதனையையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்து அமைந்தது. ஏட்டில் ஏறாமல் வாயால் சொல்லிக் காதால் கேட்டு வழிவழியாக வந்த அறிவு என்னும் பொருள் அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டு, அதற்கும் குறையாதோர் கப்பலேறிப் போனபின், ஐரிஷ் பேசும் நிலப்பரப்பு பெரும்பாலும் மேற்குக் கரையோரமாகச் சுருங்கியது. ஆகவே 1935இல் ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் அமைக்கப்பட்டபோது, கதை அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே அவர்களைச் சென்றடைய வேண்டும் என்ற அவசரம் அதன் இயக்குநர் ஜேம்ஸ் டெலார்ஜிக்கு இருந்தது.

ஆணையத்தின் சேகரிப்பாளர்கள் எடிபோன் என்னும் ஒலிப்பதிவுக் கருவியை ஊர் ஊராகச் சுமந்து சென்று, நெடுங்கதை சொல்வோரையும், ‘ஷானகி’ எனப்படும் ஊர் வரலாறும் குடிவழியும் அறிந்தோரையும் மெழுகு உருளைகளில் பதிவுசெய்தார்கள். பணத் தட்டுப்பாட்டால், சொன்னதை எழுத்தில் பெயர்த்தபின் உருளையைச் சீவி மறுபடியும் பயன்படுத்த வேண்டியிருந்தது. சொற்கள் ஏட்டில் நிலைக்க, சொன்னவர்களின் குரல்களில் பெரும்பகுதி அந்தச் சீவலோடு போயிற்று என்பது இந்தப் பெரும்பணியின் ஆறாத இழப்பு.

சில சேகரிப்பாளர்களால் மட்டும் நாடு முழுவதையும் எட்ட முடியாது என்பதால், 1937இல் ஆணையம் கல்வித் துறையோடும் ஆசிரியர் சங்கத்தோடும் சேர்ந்து தொடக்கப் பள்ளிகளை நாடியது. ஷான் ஓ சூலவான் தயாரித்த வழிகாட்டிக் கையேட்டிலுள்ள தலைப்புகளை ஆசிரியர்கள் கொடுக்க, 11 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் வழக்கமான கட்டுரைப் பயிற்சிக்கு மாற்றாக, வீட்டுப் பெரியவர்களிடமும் அயலாரிடமும் கேட்டு எழுதினார்கள். 26 மாவட்டங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகளிலிருந்து திரண்டவை சுமார் 7,40,000 பக்கங்கள்.

வீரகாவியங்களைவிட அன்றாட வாழ்வே இப்பக்கங்களில் நிறைந்திருக்கிறது. புனிதக் கிணறுகள், பாலுண்ணிக்கு மருந்து, மழைக்குறி, வெண்ணெய் கடைதல், புதையல் காக்கும் ஆவிகள் என அது விரிகிறது. இவற்றுள் ‘ராத்’ பற்றிய செய்திகள் தனிக் கவனத்துக்கு உரியவை. முற்கால உழவர் குடும்பங்கள் வீட்டைச் சுற்றி எழுப்பிய வட்ட மண்கரைதான் ராத். பிற்கால மக்கள் அதைத் தேவதைகளின் இருப்பிடமாகக் கருதி, அவர்களைப் பெயர் சொல்லாமல் ‘நல்லவர்கள்’ என்றே குறிப்பிட்டு, அங்குள்ள முள்மரத்தை வெட்டினால் கேடு வரும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தால் ஏர் விலகிச் சென்ற ராத்துகள் ஏராளம். சட்டம் வருமுன்பே தொல்லியல் சின்னங்களைக் காத்தது இந்த வாய்மொழிதான் என்று சொல்வது மிகையாகாது.

பஞ்சத்தைப் பற்றிய பக்கங்களின் பெறுமதி வேறு வகையானது. அரசு ஆவணம் இறந்தோரை எண்ணிக்கையாகத் தருகிறது. பிள்ளையின் நோட்டோ எந்த வயல் மூலையில் யார் வீடு இருந்தது, கஞ்சி காய்ச்சிய கொப்பரை எங்கே கிடந்தது என்று சொல்கிறது. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி பாதுகாக்கும் இத்தொகுப்பு இன்று இணையத்திலும் கிடைப்பதால், பள்ளியின் பெயரைக் கொண்டு தேடும் பேரப்பிள்ளைகள், தங்கள் பாட்டி பன்னிரண்டு வயதில் எழுதிய பக்கத்தை அவருடைய கையெழுத்திலேயே படிக்கிறார்கள்.