மட்டாஞ்சேரியில் ஸ்ட்ராபெரி

மூணாற்றுக்கு அப்பால், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலையூர் வட்டவடை. அங்கே சரிவுகளில் ஸ்ட்ராபெரி பயிராகிறது. ஈராண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகையில் குடும்பத்துடன் சென்றிருந்தோம். நல்ல தமிழில் உரையாடிய ஓர் அம்மையாரிடம் எங்கள் இளைய மகள் ஆறு நாற்றுகள் வாங்கினாள். “கடற்கரைச் சூட்டுக்கு இது ஆகாது, கண்ணு” என்று அவர் எச்சரித்ததை அவள் செவியில் ஏற்கவில்லை.

அவர் சொன்னது மெய்யே. இது குளிர்நாட்டுச் செடி. சிலி நாட்டு இனத்தை ஃபிரேசியே என்பவர் 1714-இல் பிரான்ஸுக்குக் கொணர்ந்தார். அதுவும் வட அமெரிக்க இனமும் கலந்து பிறந்ததே இன்று உலகெங்கும் பயிராகும் ஸ்ட்ராபெரி. பகல் குறுகிக் குளிர் வந்தால்தான் பெரும்பாலான வகைகள் மொட்டுக் கட்டும். வெப்பத்தில் இலையும் ஓடுதண்டுமே மிகும்.

தென்னை நார்க்கழிவு, மணல், மக்கிய சாண எரு ஆகியவற்றைக் கலந்து சட்டிகளில் நட்டோம். முதற் பிழை எங்களுடையது. வேர் மண்ணுக்குள்ளும், இலை கிளம்பும் குருத்து மண்ணுக்கு மேலும் இருத்தல் வேண்டும். குருத்தையும் புதைத்ததால் இரு செடிகள் அழுகின. எஞ்சியவற்றில் ஒன்று தை மாதத்தில் இரண்டே பழம் தந்தது. மலையிலேயே கட்டிய மொட்டாக இருக்கலாம். அவற்றை ஐவரும் பகிர்ந்து உண்டோம். பின்னர்ப் பூக்கவேயில்லை. மகள் வாடிப்போனாள்.

பங்குனியில் செடிகள் நூல்போன்ற தண்டுகளை நீட்டின. அவற்றைக் களையென்று கிள்ளிவிடலாகாது. தண்டின் கணுவில் சிறு இலைக்கொத்து தோன்றும்போது, அதன் கீழே ஈரமண் நிரப்பிய சிறு சட்டியை வைத்து, வளைத்த கம்பியால் கணுவை மண்ணோடு அழுத்த வேண்டும். மூன்று நான்கு வாரங்களில் வேர்பிடிக்கும். மெல்ல இழுத்துப் பார்த்து, அசையாதிருந்தால் மட்டுமே தாய்ச்செடியிலிருந்து வெட்டலாம். பொறுமையிழந்து முன்னரே வெட்டிய மூன்றும் எங்களிடம் கருகின. நல்ல செடியிலிருந்து மட்டும் கன்று எடுக்க வேண்டும். நோயுற்ற தாயின் நோய் கன்றுக்கும் வரும்.

இடவப்பாதி மழையே இவ்வூரில் பெரும் பகை. சட்டிகளைத் தாழ்வாரத்திற்கு மாற்றினோம். வெளியே மறந்துவிட்ட இரண்டு அழுகின.

அம்மழைக்காலத்தில் எங்கள் அலுவலக நண்பர் ஒருவர் குன்னூருக்கு மாற்றலானார். மகள் வேர்பிடித்த இரு கன்றுகளைக் கொடுத்தனுப்பினாள். சென்ற மாசியில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டும் பூத்துப் பழம் தந்தனவாம். கடிதத்தை மகள் பள்ளிப் புத்தகத்தில் வைத்திருக்கிறாள்.

இப்போது எங்கள் தாழ்வாரத்தில் ஒன்பது சட்டிகள் உள்ளன. பழத்திற்கு நாங்கள் உறுதி கூறமாட்டோம். எனினும் மலைப்பக்கம் மாற்றலாகும் சங்க அன்பர் எவரேனும் இருப்பின் வந்து கேளுங்கள். ஒரு கன்று தருவாள்.