உங்களுக்குத் தெரியுமா? மூன்றாவது சக்கரத்தோடு நின்றுபோன கார்

ஜெர்மனியின் பிரேமன் நகரில் 1931 முதல் 1934 வரை மட்டுமே தயாரானது கோலியாத் பியோனியர் என்ற குட்டிக் கார். முன்னால் ஒரே சக்கரம், பின்னால் இரண்டு. மரச்சட்டத்தின் மேல் செயற்கைத் தோல் போர்த்திய உடல். பின்பக்கம் 198 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அதன் திறன் 5.5 குதிரைசக்தி. நான்காவது சக்கரம் வைக்கத் தெரியாமல் விட்டதல்ல இது. நான்கு சக்கரத்துக்குக் குறைந்த, 200 சிசிக்கு உட்பட்ட சிறு வண்டிகளுக்கு வாகன வரியும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம் என்று 1928-இல் அங்கே சலுகை வந்திருந்தது. இந்தக் கார் அந்த வரம்புக்குள் அளவெடுத்துச் செய்யப்பட்டது. அதைத் தயாரித்த கார்ல் போர்க்வார்டுக்கு மூன்று சக்கரம் புதிதும் அல்ல. 1924-இல் அவர் செய்த 'பிளிட்ஸ்கார்ரன்' என்னும் சிறு சரக்கு வண்டியைத் தபால் பெட்டிகளிலிருந்து கடிதம் சேகரிக்க ஜெர்மன் தபால் துறையே ஓட்டியது.

பொருளாதார மந்தம்தானே இதற்குக் காரணம், சட்டத்துக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். மந்தம் வாங்குபவர்களைத் தந்தது உண்மைதான். ஏறத்தாழ 4,000 கார்கள் விற்றன. ஆனால் வறுமை மட்டுமே காரணமென்றால், வேலையில்லாத் திண்டாட்டம் தீராத 1933-க்குப் பிறகும் இந்தக் கார் ஓடியிருக்க வேண்டும். ஆனால் 1933 ஏப்ரலில் புதிய கார்கள் அனைத்துக்கும் ஜெர்மன் அரசு வாகன வரியை நீக்கியது. நான்கு சக்கரக் காருக்கும் வரியில்லை என்றானதும், பியோனியரின் பெரிய சாதகம் போய்விட்டது. அடுத்த ஆண்டே தயாரிப்பு நின்றது.