25,000 மணி நேரத்தை யார் எண்ணிப் பார்த்தது?

எல்.இ.டி பல்பு அட்டையில் "25,000 மணி நேரம்" என்று போட்டிருக்கும். அணைக்காமல் எரியவிட்டாலே இரண்டு வருஷம் பத்து மாசம் ஆகும். அவ்வளவு நாள் எரித்துப் பார்த்துவிட்டா கடைக்கு அனுப்புகிறார்கள்? பெரும்பாலும் இல்லைங்க.

எல்.எம்-80 என்ற சோதனை முறையில் எல்.இ.டி சில்லை மட்டும் தனியாக, குறைந்தது 6,000 மணி நேரம் எரித்து, வெளிச்சம் எவ்வளவு மங்குகிறது என்று அளப்பார்கள். பிறகு டி.எம்-21 என்ற கணக்கு. மங்கும் போக்கை அப்படியே முன்னோக்கி நீட்டி, வெளிச்சம் 70 சதவீதத்துக்கு எப்போது இறங்கும் என்று பார்ப்பது. இஷ்டத்துக்கு நீட்ட முடியாது. 20 சில்லுகளுக்கு மேல் சோதித்திருந்தாலும், எரித்த நேரத்தைப் போல ஆறு மடங்குதான் உச்சம்.

கணக்கில் தப்பில்லை. ஆனால் நாம் வாங்குவது சில்லை அல்ல, பல்பை. அடிப்பாகத்தில் மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் இருக்கிறது; அதில் பெரும்பாலும் ஒரு எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர். சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுக்காரர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. காற்றுப் போகாத கண்ணாடிக் குடுவைக்குள் பல்பை மாட்டினால் சில்லு நன்றாயிருக்கும்போதே டிரைவர் போய்விடலாம்.

முழு பல்பையே எரித்துப் பார்த்த கதையும் உண்டு. 60 வாட் குண்டு பல்புக்கு மாற்றாக 10 வாட்டுக்குள் 900 லூமனுக்கு மேல் தரும் பல்புக்கு அமெரிக்க எரிசக்தித் துறை "எல் பிரைஸ்" என்று ஒரு கோடி டாலர் பரிசு அறிவித்தது. பிலிப்ஸ் கொடுத்ததில் 200 பல்புகளை 45 டிகிரி சூட்டில் எரியவிட்டார்கள். குலுக்கல், ஈரப்பதம், மின்னழுத்த ஏற்ற இறக்கம் எல்லாம் தனியே. 2011-இல் பரிசு கொடுத்த பிறகும் சோதனையை நிறுத்தவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. தொடர்ந்து எரிந்த பல்புகளின் சராசரி வெளிச்சம் 25,000 மணி நேரம் தாண்டியும் ஆரம்ப அளவிலேயே நின்றது.

நிறத் தரத்துக்கும் அங்கே 90-க்கு மேல் சி.ஆர்.ஐ கேட்டார்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 80. அதுவும் எட்டு மென்நிறங்களின் சராசரி. அடர் சிவப்பான ஆர்9 அதில் சேராது. அதனால்தான் 80 போட்ட பல்பின் கீழ் தக்காளி சோகை பிடித்த மாதிரி தெரிகிறது.

பரிசு வாங்கிய பல்பு 2012-இல் விற்பனைக்கு வந்தது. பட்டியல் விலை 60 டாலர்!