சிறு துளை வழியே ஒரு சிறுநீரகம்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம் பக்கம் பொழுது விடியுமுன்பே பூப்பறிக்கத் தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். அப்படிப் பூப்பறித்துப் பிழைக்கும் ஒரு தாயை எண்ணிக்கொள்ளுங்கள். அவருடைய மகனுக்கு இரு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பில் அவன் காலம் தள்ளுகிறான். தாயின் சிறுநீரகம் மகனுக்குப் பொருந்துகிறது. “எடுத்துக் கொடுங்கள்” என்று அவர் உடனே சொல்லிவிட்டார். ஆனால் வீட்டார் மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். “அவருக்கு ஒன்றும் ஆகாதே? மறுபடி எப்போது தண்ணீர்க்குடம் தூக்கலாம்?”

மாணவ நண்பர்களே, இரண்டும் நல்ல கேள்விகள். மற்ற அறுவைகளில் நோயாளியின் நோய் தீர வேண்டும் என்பதற்காக உடலைக் கீறுகிறோம். இங்கே கீறப்படுபவர் நோயாளியே அல்லர்; நல்ல உடல்நலம் உள்ளவர். இந்த அறுவையால் அவர் உடலுக்கு எள்ளளவும் பயனில்லை. ஆகவே மற்றோர் அறுவையில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சிறு தவறும் இங்கே பெருந்தவறாகிவிடும்.

சிறுநீரகம் ஏறத்தாழ நம் கைம்முட்டி அளவுள்ளது; எடை சுமார் 150 கிராம். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. மீதி இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

ஒருவர் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி முதன்முதலில் வெற்றி கண்டவர் அமெரிக்க மருத்துவர் ஜோசப் மர்ரே. 1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில், ரொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார். கொடுத்த ரொனால்ட் அதன்பின் 56 ஆண்டுகள் வாழ்ந்து, 2010-இல் தம் 79-ஆம் வயதில் காலமானார். நம் நாட்டில் உயிருள்ளவர் தந்த சிறுநீரகத்தை வெற்றியுடன் பொருத்தியது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி; ஆண்டு 1971.

அந்நாளில் கொடையாளியின் விலாப்புறத்தில் 15 முதல் 20 செ.மீ. நீளத்துக்குக் கீறுவார்கள். மூன்று அடுக்குத் தசைகளை வெட்ட வேண்டும். சில சமயம் கடைசி விலா எலும்பில் ஒரு துண்டையும் எடுக்க வேண்டும். அதன்பின் பல நாள்வரை மூச்சை இழுத்தாலே வலிக்கும். சிறுநீரகம் பெற்றவர் எழுந்து நடமாடும்போது, கொடுத்தவர் வலியால் முனகிக்கொண்டு படுத்திருப்பார்!

1990-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரால்ஃப் கிளேமன் என்ற மருத்துவர், கட்டி வந்த ஒரு சிறுநீரகத்தைச் சிறு துளைகள் வழியே அகற்றிக் காட்டினார். அதை வயிற்றுக்குள்ளேயே ஒரு பையில் போட்டு நொறுக்கி வெளியே எடுத்தார். ஆனால் கொடைச் சிறுநீரகத்தை நொறுக்க முடியுமா? முழுதாக, உயிரோடு, விரைவாக அது வெளியே வர வேண்டும். இதற்கு வழி காண மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின. 1995-இல் பால்டிமோரில் லாயிட் ராட்னர், லூயி காவூசி என்ற இரு மருத்துவர்கள் அதைச் செய்து முடித்தனர்.

எப்படிச் செய்கிறார்கள்? மயக்கமருந்து கொடுத்தபின் வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். வயிறு கூடாரம்போல் எழும்பி, உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்கிறது. காற்றையே செலுத்தலாமே என்பீர்கள். உள்ளே மின்கருவியால் இரத்தக் குழாய்களைச் சுட்டு அடைக்கிறார்கள். கரியமில வாயு எரிய உதவாது. மேலும் அது இரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும். வாயுவின் அழுத்தம் பாதரசக் கணக்கில் 12 முதல் 15 மி.மீ. மட்டுமே. இரத்த அழுத்தம் 120 என்கிறோமே, அதில் எட்டில் ஒரு பங்குதான்.

பிறகு 5 முதல் 12 மி.மீ. அகலமுள்ள மூன்று நான்கு துளைகள். ஒன்றில் விளக்கும் காமிராவும் பொருத்திய லேப்பராஸ்கோப் என்ற குழல். மற்றவற்றில் நீண்ட காம்புள்ள கத்தரியும் இடுக்கியும். மருத்துவரின் கண் திரையில் இருக்கும். கடைசியில் அடிவயிற்றில் 6 முதல் 8 செ.மீ. கீறி, சிறுநீரகத்தைப் பையிலிட்டு எடுக்கிறார்கள். இதைச் ‘சாவித்துவார அறுவை’ என்று எழுதுவது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. எந்தச் சாவித்துவாரத்தின் வழியே சிறுநீரகம் வரும்?

பெரும்பாலும் இடப்புறச் சிறுநீரகத்தையே எடுக்கிறார்கள். உடலின் பெருஞ்சிரை முதுகெலும்புக்கு வலப்பக்கம் இருப்பதால், இடச் சிறுநீரகத்தின் சிரை நீளமானது. மற்றவருக்குத் தைக்க வசதியானது. இந்த நீளத்திலேதான் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. தமனியை எவ்வளவு நீளமாக வெட்டி எடுக்கிறோமோ, கொடையாளியின் உடலில் எஞ்சும் முனை அவ்வளவு குட்டையாகும். அந்தக் குட்டை முனையில் பிளாஸ்டிக் கிளிப்பைப் பூட்டினார்கள். சிலருக்கு அறுவைக்குப்பின் அது நழுவி, இரத்தம் கொட்டி உயிரே போயிற்று. கொடையாளியின் தமனிக்கு அதைப் பயன்படுத்தலாகாது என்று 2006-லும், மறுபடி 2011-லும் அமெரிக்காவில் எச்சரிக்கை வந்தது. இரத்தக் குழாயின் சுவரோடு சேர்த்துத் தைத்துப் பிடிக்கும் தையற்கருவி இதற்கு ஏற்றது.

இருமுறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் 100 கொடையாளிகளைக் குலுக்கல்முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் துளைவழியாகவும், மறுபிரிவினருக்குத் தசையை வெட்டாத சிறு கீறல் வழியாகவும் அறுவை செய்தனர். 2006-இல் முடிவு வெளியாயிற்று. துளைவழி அறுவைக்கு 221 நிமிடம்; மற்றதற்கு 164. இரத்த இழப்போ 100 மி.லி.; மற்றதில் 240. வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. வீடு திரும்பியது மூன்றாம் நாள், மற்றவர்கள் நான்காம் நாள். பொருத்தப்பட்ட சிறுநீரகம் இருபிரிவிலும் ஒன்றுபோலவே வேலை செய்தது.

உயிருக்கு ஆபத்து? அமெரிக்காவில் 1993 முதல் 2022 வரை சிறுநீரகம் கொடுத்தவர்கள் 1,64,593 பேர். மூன்று மாதத்துக்குள் இறந்தவர்கள் 36. கடைசிப் பத்தாண்டில் இது பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்கும் சற்றுக் கீழே இறங்கிவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். துளை சிறிதானதால் இழப்பு சிறிதாகிவிடவில்லை. போனது ஒரு முழுச் சிறுநீரகம். எஞ்சியது சற்றுப் பருத்து, சில வாரங்களில் பழைய மொத்த வேலையில் 65 முதல் 70 விழுக்காட்டை ஏற்றுக்கொள்கிறது. அது பெரும்பாலோருக்குப் போதும். அமெரிக்காவில் 96,217 கொடையாளிகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, வாழ்நாளில் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு கொடையாளிகளில் பத்தாயிரத்துக்கு 90. அவர்களைப் போன்றே நலமாயிருந்து கொடுக்காதவர்களில் 14. எந்தப் பரிசோதனையும் இல்லாத பொதுமக்களில் 326. கொடையாளிகள் பொறுக்கியெடுத்த ஆரோக்கியசாலிகள். அதனால்தான் பொதுமக்களைவிட நல்ல நிலையில் இருக்கிறார்கள்.

அப்படிப் பொறுக்கியெடுக்காமல் போனால்? 2001-இல் சென்னையில், பணத்துக்காகச் சிறுநீரகத்தை விற்ற 305 பேரை ஆய்வாளர்கள் சந்தித்தனர். ஏறத்தாழ அனைவரும் கடனை அடைக்க விற்றவர்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் உடல்நலம் குன்றிவிட்டதாகச் சொன்னார்கள். குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோயிருந்தது. பெரும்பாலோர் அப்போதும் கடனில்தான் இருந்தார்கள். இத்தனைக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பு விற்பனையைத் தடைசெய்துவிட்டிருந்தது.

கீரமங்கலத்துத் தாய்க்கு வருவோம். முதலில் அவருக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் புரதம், இரு சிறுநீரகங்களின் தனித்தனித் திறன் எல்லாம் பார்க்க வேண்டும். ஒன்றில் கோளாறு இருந்தாலும், மகன்மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும், மருத்துவர் மறுத்துவிட வேண்டும். எல்லாம் சரியாக இருந்து அறுவை முடிந்தால், மூன்று நான்கு வாரத்தில் பூப்பறிக்கப் போகலாம். தண்ணீர்க்குடம் மட்டும் ஆறு வாரம்வரை பொறுக்கட்டும். அவசரப்பட்டால் அடிவயிற்றுத் தையல் வழியே குடல் பிதுங்கும். வெயிலில் வேலை செய்பவர் ஆதலால் தாராளமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். இடுப்பு வலிக்குக் கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்கக்கூடாது; பல வலிமாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்குபவை. ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தமும், சிறுநீரில் புரதமும், இரத்தத்தில் கிரியேட்டினினும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றுக்கும் வேலூருக்கோ சென்னைக்கோ போக வேண்டியதில்லை, புதுக்கோட்டையிலேயே பார்த்துவிடலாம்.